இணைய வாதத்துக்குப் புதியவரா? இ20 பெட்ரோலை வைத்துப் பழகுங்கள்

அறிவியலும் தொழில்நுட்பமும் நாட்டு நடப்பும் ஒரே இடத்தில் முட்டிக்கொள்ளும் விவாதம் அடிக்கடி வருவதில்லை. 2025 ஆகஸ்ட்டில் அப்படி ஒன்று வந்தது. கரும்பு, மக்காச்சோளம் போன்றவற்றிலிருந்து எடுக்கும் ஆல்கஹாலான எத்தனால் 20 சதவீதம் கலந்த பெட்ரோல், அதாவது இ20, நாடு முழுக்கப் பெட்ரோல் பங்குகளில் வழக்கமான பெட்ரோலாக ஆகியிருந்தது. வண்டி வைத்திருக்கும் அத்தனை பேருக்கும் அதைப் பற்றிச் சொல்ல ஏதோ ஒன்று இருந்தது. மைலேஜ் போச்சு, இன்ஜின் போச்சு என்று ஒரு பக்கம். எல்லாம் கிளப்பிவிட்ட புரளி என்று இன்னொரு பக்கம். நடுவில், நாமும் ஏதாவது எழுதலாமா என்று தயங்கியவர்கள் ஏராளம். இந்தக் கட்டுரை அவர்களுக்காக.

இணையத்தில் வாதிடுவது வெட்டி வேலை என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒரு மெக்கானிக், ஒரு கரும்பு விவசாயி, ஒரு வேதியியல் மாணவி, தினமும் 40 கிலோமீட்டர் பைக்கில் வேலைக்குப் போகிற ஒருவர் என நாலு பேரும் ஒரே விஷயத்தைப் பற்றி ஒரே இடத்தில் பேசுவது வேறெங்கே நடக்கிறது? அந்தப் பேச்சு உருப்படியாக இருந்தால் கேட்டுக்கொண்டிருக்கும் எல்லோருக்கும் லாபம். அதற்குச் சில பழக்கங்கள் வேண்டும். இ20 விவாதத்தையே உதாரணமாக வைத்து ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். பழகிவிட்டால் மின்சார வண்டி, அணுமின் நிலையம், செல்போன் கோபுரம் என எந்த விவாதத்துக்கும் இவை உதவும்.

முதல் படி: எந்த வாதம் என்று பிரித்துக்கொள்ளுங்கள்

"இ20 நல்லதா கெட்டதா?" என்று கேட்டால் பதில் கிடைக்காது. அந்தக் கேள்விக்குள் குறைந்தது ஆறு கேள்விகள் இருக்கின்றன. மைலேஜ் குறையுமா? பழைய வண்டியின் பாகங்கள் கெடுமா? கரும்பும் மக்காச்சோளமும் எரிபொருளாகப் போனால் தண்ணீருக்கும் உணவுக்கும் என்ன ஆகும்? கச்சா எண்ணெய் இறக்குமதி எவ்வளவு குறையும்? புகை குறையுமா? கலக்காத பெட்ரோலை வாங்கும் உரிமை எனக்கு வேண்டாமா?

ஒவ்வொன்றுக்கும் ஆதாரம் வேறு, பதில் சொல்லத் தகுதியானவர் வேறு. சண்டை முற்றுகிற இடங்களைக் கவனித்துப் பாருங்கள். ஒருவர் மைலேஜைப் பற்றிக் கேட்டிருப்பார், பதில் சொன்னவர் அந்நியச் செலாவணியைப் பற்றிப் பேசியிருப்பார். அவர் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் கேட்டவருக்கு அது பதில் இல்லை என்பதால் கோபம் வருகிறது.

எனவே எழுதுவதற்கு முன் ஒரே ஒரு வரியில் எழுதிப் பாருங்கள்: "நான் இப்போது பேசப்போவது 2018 மாடல் பைக்கின் மைலேஜைப் பற்றி மட்டும்." அந்த வரியையே பதிவின் முதல் வரியாகப் போட்டாலும் நல்லதுதான். பாதிச் சண்டை அங்கேயே குறைந்துவிடும்.

அடுத்து: எண் வந்தால், அது எந்த வண்டியின் எண் என்று கேளுங்கள்

இந்தப் படிதான் எல்லாவற்றையும்விட முக்கியம், எனவே இங்கே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

இ20 விவாதத்தில் மூன்று எண்கள் சுற்றின. மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் குறையும் என்றார் ஒருவர். 3 முதல் 4 என்றார் இன்னொருவர். வெறும் 1 முதல் 2 தான் என்றார் மூன்றாமவர். மூவரும் ஒருவரையொருவர் பொய்யர் என்றார்கள். மூன்று எண்களும் ஒரே அறிக்கையில் இருக்கின்றன என்பதுதான் வேடிக்கை. மத்திய அரசின் கொள்கை ஆலோசனை அமைப்பான நிதி ஆயோக் 2021 ஜூனில் வெளியிட்ட எத்தனால் கலப்புத் திட்ட அறிக்கை அது. கலக்காத பெட்ரோலுக்காக வடிவமைக்கப்பட்டு, 10 சதவீதக் கலப்புக்காகச் சரிசெய்யப்பட்ட கார்களுக்கு 6–7 சதவீத இழப்பு. அதே வகை இருசக்கர வாகனங்களுக்கு 3–4. 10 சதவீதக் கலப்புக்காகவே வடிவமைக்கப்பட்டு 20-க்குச் சரிசெய்யப்பட்ட கார்களுக்கு 1–2. மூவரும் சொன்னது சரி, வண்டிதான் வேறு.

ஒரு எண்ணைப் பார்த்ததும் கேட்கவேண்டியவை: எதற்கு? எதோடு ஒப்பிட்டு? எந்தக் காலத்துக்கு? இந்த மூன்றுக்கும் பதில் இல்லாத எண்ணை மேற்கோள் காட்டாதீர்கள், அது உங்கள் தரப்புக்குச் சாதகமாக இருந்தாலும்.

"எந்தக் காலத்துக்கு" என்பதற்கு ஒரு உதாரணம். எத்தனால் கலப்பால் 1.44 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் அந்நியச் செலாவணி மிச்சம் என்று பெட்ரோலியம் அமைச்சகம் 2025-இல் சொன்னது. அது 2014-15 தொடங்கி ஏறத்தாழ 11 ஆண்டுகளுக்கான மொத்தக் கணக்கு. "வருடத்துக்கு" என்ற ஒரு சொல்லைச் சேர்த்துப் பகிர்ந்தால் கதையே மாறிவிடும்.

"எதோடு ஒப்பிட்டு" என்பதில் இன்னும் பெரிய பொறி இருந்தது. போன வருடம் வரை சுத்தமான பெட்ரோல் போட்டேன், இப்போது 20 சதவீதம் கலக்கிறார்கள் என்று பலரும் எழுதினார்கள். நாட்டில் சராசரிக் கலப்பு 2022 ஜூனிலேயே 10 சதவீதத்தை எட்டிவிட்டது. 2023-24 எத்தனால் ஆண்டில் (நவம்பர் முதல் அக்டோபர் வரை) அது 14.6 சதவீதம். அவர்கள் ஒப்பிடவேண்டியது பூஜ்யத்தோடு இல்லை, ஏறக்குறைய 15-ஓடு. தாவியது 20 படி என்று நினைத்தது உண்மையில் ஐந்தே படி.

புகை விஷயத்திலும் அப்படித்தான். கரும்பு எத்தனால் பெட்ரோலைவிட 65 சதவீதம் குறைவான பசுமை இல்ல வாயுவை வெளியிடுகிறது என்று அமைச்சகம் நிதி ஆயோக் ஆய்வை மேற்கோள் காட்டியது. அந்த எண் எத்தனாலுக்கானது. டேங்கில் இருக்கும் இ20-க்கு எவ்வளவு? அதற்கு நாமே கணக்குப் போட வேண்டும்.

பேனா, காகிதம், பத்து நிமிடம்

எட்டாம் வகுப்புக் கணக்குத் தெரிந்தால் போதும், பெரும்பாலான இணைய வாதங்களின் பாதிச் சத்தத்தை அடக்கிவிடலாம். பயப்பட வேண்டாம்.

ஒரு லிட்டர் பெட்ரோலை எரித்தால் கிடைக்கும் ஆற்றல் சுமார் 32 மெகாஜூல். எத்தனாலில் சுமார் 21. அதாவது லிட்டருக்கு லிட்டர் எத்தனாலில் மூன்றில் இரண்டு பங்கு ஆற்றல்தான். இதிலிருந்து:

கலக்காத பெட்ரோல்: 32.
இ10: 0.9 × 32 + 0.1 × 21 = 30.9.
இ20: 0.8 × 32 + 0.2 × 21 = 29.8.

சுத்தமான பெட்ரோலிலிருந்து இ20-க்கு வந்தால் ஆற்றல் ஏறத்தாழ 7 சதவீதம் குறைகிறது. இ10-இலிருந்து வந்தால் சுமார் மூன்றரை சதவீதம். 15 சதவீதக் கலப்பிலிருந்து வந்தால் 2-க்கும் கீழே.

இப்போது விவாதத்தில் கேட்ட இரண்டு தரப்புகளையும் இதன் பக்கத்தில் வையுங்கள். "20 சதவீதம் கலந்தால் மைலேஜும் 20 சதவீதம் குறையும்" என்பது தவறு, ஏனென்றால் எத்தனாலும் எரிபொருள்தான், தண்ணீர் இல்லை. "மைலேஜ் கொஞ்சமும் குறையாது" என்பதையும் அப்படியே ஏற்க முடியாது, ஏனென்றால் ஒரு லிட்டருக்குள் இருக்கும் ஆற்றலே குறைவு. எத்தனாலுக்கு ஆக்டேன் எண், அதாவது நேரத்துக்கு முன் தானே பற்றிக்கொள்ளாமல் அழுத்தத்தைத் தாங்கும் திறன், அதிகம்; அழுத்த விகிதம் கூடுதலாக உள்ள, அதாவது எரிபொருள்-காற்றுக் கலவையை அதிக மடங்கு அழுத்தும் இன்ஜின் அதைப் பயன்படுத்தி இழப்பில் ஒரு பகுதியை மீட்கலாம் என்பது நியாயமான எதிர்வாதம். ஆனால் அது அதற்காக வடிவமைத்த இன்ஜினுக்குத்தான் பொருந்தும். ஏற்கனவே வீட்டில் நிற்கும் வண்டி தன் அழுத்த விகிதத்தைத் தானே மாற்றிக்கொள்ளாது.

புகைக் கணக்குக்கு வருவோம். இ20-இல் கொள்ளளவில் எத்தனால் 20 சதவீதம் என்றாலும், ஆற்றலில் அதன் பங்கு 4.2 ÷ 29.8, அதாவது 14 சதவீதம். அந்தப் பங்கில் 65 சதவீதக் குறைப்பு என்றால், ஒரு டேங்க் இ20-இல் மொத்தக் குறைப்பு சுமார் 9 சதவீதம். இது சிறிய எண் என்று நான் சொல்லவில்லை, கோடிக்கணக்கான வண்டிகளுக்கு 9 சதவீதம் பெரிய விஷயம். ஆனால் 65 வேறு, 9 வேறு. அமைச்சகத்தின் எண்ணை அப்படியே ஏற்றுக்கொண்டாலும் கணக்கு இங்கேதான் வந்து நிற்கிறது.

கணக்கைப் பதிவில் போடும்போது விடையை மட்டும் போடாதீர்கள். மேலே போட்டதுபோல வரிகளையும் போடுங்கள். யாராவது "எத்தனாலுக்கு 21 இல்லை, 21.2" என்று திருத்தினால் அவருக்கு நன்றி சொல்லிவிட்டுத் திருத்துங்கள். வரிகள் இருந்தால்தான் அவரால் திருத்த முடியும்.

அனுபவம் சொல்பவரை மட்டம் தட்டாதீர்கள்

கணக்கு கைக்கு வந்ததும் புதியவர்கள் செய்யும் முதல் காரியம், "என் பைக் 50 கொடுத்தது, இப்போ 38 தான் கொடுக்குது" என்று எழுதியவர் மேல் பாய்வது. செய்யாதீர்கள். அவர் தன் வண்டியை ஓட்டுகிறார், பணம் கொடுக்கிறார், ஏதோ மாறியிருப்பதை உணர்கிறார். அதை மறுக்க உங்களிடம் ஆதாரம் எதுவும் இல்லை.

உங்கள் கணக்கு சொல்வது இவ்வளவுதான்: 50-இலிருந்து 38 என்றால் 24 சதவீத வீழ்ச்சி. எரிபொருளின் ஆற்றல் வித்தியாசத்தால் மட்டும் அவ்வளவு வர முடியாது. வேறு ஏதோ சேர்ந்திருக்க வேண்டும். காற்றழுத்தம், ஏர் ஃபில்டர், கார்புரேட்டர் அமைப்பு, போகிற பாதையில் புதிதாக வந்த நெரிசல், அளந்த முறை என எதுவாகவும் இருக்கலாம். அதைக் கேள்வியாகக் கேளுங்கள்:

"அண்ணா, எந்த வருஷ மாடல்? கார்புரேட்டரா, ஃப்யூவல் இன்ஜெக்‌ஷனா? மைலேஜை எப்படிப் பார்த்தீங்க, மீட்டர்ல காட்டுறதா, டேங்க் நிரப்பிப் பார்த்ததா?"

இப்படிக் கேட்டால் பெரும்பாலானவர்கள் பொறுமையாகப் பதில் சொல்வார்கள். அந்தப் பதிலில் உங்களுக்குத் தெரியாத ஒன்று கட்டாயம் இருக்கும்.

அளக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன், இதைப் பற்றியே தனி வாதங்கள் ஓடுகின்றன. பெட்ரோல் பங்கில் பெட்ரோல் போடும் குழாய் தானாக நிற்கும் வரை நிரப்புங்கள். ஓடோமீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். வழக்கம்போல ஓட்டி, டேங்க் பெரும்பாலும் காலியானதும் முடிந்தால் அதே பங்கில், அதே மாதிரி தானாக நிற்கும் வரை நிரப்புங்கள். ஓடிய கிலோமீட்டரை இரண்டாவது முறை நிரப்பிய லிட்டரால் வகுங்கள்.

இதில் ஒரு சிக்கல். ஐந்து லிட்டர் டேங்கில் நிரப்பும் அளவு கால் லிட்டர் முன்பின் ஆனாலே 5 சதவீதப் பிழை. நாம் தேடும் வித்தியாசமோ இரண்டு, மூன்று சதவீதம். எனவே ஒரு முறை நிரப்பிப் பார்த்து "குறைந்துவிட்டது" என்றோ "குறையவே இல்லை" என்றோ சொல்ல முடியாது. பல முறை நிரப்பி மொத்தக் கிலோமீட்டரை மொத்த லிட்டரால் வகுத்தால்தான் பேச்சுக்கு ஒரு மதிப்பு வரும். இந்த விஷயம் தெரிந்தவர் இரண்டு தரப்புகளின் அனுபவப் பதிவுகளையும் ஒரே அளவு எச்சரிக்கையோடு படிப்பார்.

ஆதாரத்தின் வேர் வரை போங்கள்

பகிரப்படும் படங்களில் பெரும்பாலானவை ஏதோ ஒரு செய்தியின் செய்தியின் செய்தி. அறிக்கையின் பெயர் தெரிந்தால் தேடி எடுத்து, அந்தப் பக்கத்தையே படியுங்கள். அரசு சொன்னதா? பத்திரிகைத் தகவல் அலுவலகத்தின் தளத்தில் அந்த அறிவிப்பு தேதியோடு இருக்கும். சாட்பாட்டிடம் கேட்டு வந்த பதிலை அப்படியே ஒட்டாதீர்கள். அது எங்கே போய்ப் படிக்கலாம் என்று வழிகாட்டினால் நல்லது, அங்கே போய் நீங்கள் படித்ததுதான் ஆதாரம்.

வண்டி கெடுமா என்ற கேள்விக்கு நான் எல்லாவற்றுக்கும் மேலாக மதிக்கும் ஆதாரம், பலரும் திறந்தே பார்க்காத ஒன்று: வண்டியோடு வந்த கையேடு. இந்த வண்டிக்கு எத்தனை சதவீதம் வரை எத்தனால் போடலாம் என்று அதிலேயே எழுதியிருக்கலாம். 2023 ஏப்ரலில் பி.எஸ்.6 எனும் வாகனப் புகைக் கட்டுப்பாட்டின் இரண்டாம் கட்ட விதிகள் வந்தபோது, புதிய வண்டிகளின் பாகங்கள் இ20-ஐத் தாங்கும்படி இருக்கவேண்டும் என்றானது. அதற்கு முந்தைய வண்டிகளுக்கு ஒரே பதில் கிடையாது, மாடலுக்கு மாடல் மாறும். எத்தனால் ஈரத்தை உறிஞ்சும், சில பழைய ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களோடு ஒத்துப்போகாது என்பது வேதியியல். உங்கள் வண்டியில் அந்தப் பாகம் இருக்கிறதா என்பதைக் கையேடும் நல்ல மெக்கானிக்கும்தான் சொல்ல முடியும். "எல்லா வண்டியும் கெடும்", "எந்த வண்டியும் கெடாது" என்ற இரண்டு வாக்கியங்களையும் கண்டால் தள்ளி வைத்துவிடுங்கள்.

அப்புறம், சொல்பவருக்கு இதில் என்ன லாபம் என்ற கேள்வி. கேட்கவேண்டிய கேள்விதான். சர்க்கரை ஆலைகளுக்கு எத்தனால் விற்பனையில் லாபம், வண்டி நிறுவனங்களுக்குப் புதிய வண்டி விற்றால் லாபம், அரசுக்கு இறக்குமதி குறைந்தால் லாபம். ஆனால் லாபம் இருக்கிறது என்பதாலேயே ஒருவர் சொன்னது பொய்யாகிவிடாது. கூடுதலாகச் சரிபார்க்கவேண்டும் என்பது மட்டும்தான் அதன் பொருள். "அவன் அந்தக் கட்சிக்காரன்" என்ற பதிலோடு வாதத்தை முடித்துக்கொள்பவர், எண்ணைச் சரிபார்க்கும் வேலையிலிருந்து தப்பித்துக்கொள்கிறார்.

பிரேசிலைப் பார் என்று யாராவது சொன்னால்

வெளிநாட்டு ஒப்பீடு இல்லாமல் இந்திய விவாதம் நடக்காது. பிரேசிலில் நெடுநாளாக 27 சதவீதம் கலக்கிறார்கள், 2025 ஆகஸ்ட் 1 முதல் 30 சதவீதம். உண்மை. ஆனால் எந்தக் கலப்பிலும் ஓடும் ஃப்ளெக்ஸ் ஃப்யூவல் கார்கள் அங்கே 2003-லிருந்து விற்பனையாகின்றன, எத்தனால் திட்டமோ 1970-களில் தொடங்கியது. தலைமுறை தலைமுறையாக வண்டிகள் எரிபொருளோடு சேர்ந்து மாறியிருக்கின்றன. இந்தியாவில் 2014-இல் கலப்பு 1.5 சதவீதம். முதலில் 2030 என்று வைத்த 20 சதவீத இலக்கை முன்னுக்கு இழுத்து 2025-இலேயே எட்டினார்கள். எனவே "பிரேசிலில் முடிகிறது" என்பது "எத்தனாலில் வண்டி ஓடும்" என்பதற்கு நல்ல ஆதாரம். "இந்தியாவின் 2015 மாடல் வண்டிக்கு ஒன்றும் ஆகாது" என்பதற்கு அது ஆதாரம் ஆகாது. ஒப்பீட்டை முழுக்கத் தள்ளவேண்டாம், எது வரைக்கும் செல்லும் என்று எல்லை போட்டால் போதும்.

சூடான செய்தியில் முதல் ஆளாக இருக்க வேண்டாம்

இதற்கு எத்தனாலைவிட நல்ல உதாரணம் ஒன்று இருக்கிறது. 2023 ஜூலை 22 அன்று தென்கொரிய ஆய்வாளர்கள் ஒரு ஆய்வுக் கட்டுரையை, சக ஆய்வாளர்கள் மதிப்பிடும் முன்பே, இணையத்தில் ஏற்றினார்கள். எல்கே-99 என்ற பொருள் சாதாரண அழுத்தத்தில், 127 டிகிரி செல்சியஸ் வரைகூட மின்தடையே இல்லாத மீக்கடத்தியாக இருக்கிறது என்றார்கள். காந்தத்தின் மேல் பாதி மிதக்கும் ஒரு துண்டின் காணொளி உலகம் முழுக்கப் பரவியது. மின்சாரக் கம்பியில் இழப்பே இருக்காது, எல்லாமே மாறப்போகிறது என்று பதிவுகள் குவிந்தன.

டெல்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம் உட்பட பல நாட்டு ஆய்வகங்கள் செய்து பார்த்தன. ஒரு மாதத்துக்குள் விஷயம் தெளிவானது. மாதிரியில் கலந்திருந்த தாமிர சல்ஃபைடு என்ற அசுத்தம் 104 டிகிரிக்கு அருகில் கட்டமைப்பை மாற்றிக்கொள்கிறது, அப்போது மின்தடை சட்டென்று குறைகிறது. மீக்கடத்தி என்று நினைக்கவைத்தது அதுதான். ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் உள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் அசுத்தமில்லாத படிகங்களை உருவாக்கிப் பார்த்தபோது, அவை மின்சாரத்தைக் கடத்தாத பொருளாக இருந்தன.

இந்த மாதிரிச் செய்தி வரும்போது புதியவர் கேட்கவேண்டியது ஒரே கேள்வி: வேறொரு ஆய்வகம் திரும்பச் செய்து பார்த்ததா? இல்லை என்றால், "சுவாரஸ்யமாக இருக்கிறது, மற்றவர்கள் செய்து பார்க்கட்டும்" என்று எழுதலாம். அதுவும் ஒரு கருத்துதான், கோழைத்தனம் இல்லை. அந்த நாட்களில் படிக்க மிகவும் இன்பமாக இருந்தவை, "இந்த வரைபடத்தில் மின்தடை உண்மையிலேயே பூஜ்யமாகிறதா?" என்று அளவுகோலைப் பார்த்துக் கேட்டவர்களின் பதிவுகள்.

கணக்கில் அடங்காத கேள்வியைத் தனியே வையுங்கள்

மறுபடியும் இ20. அந்த விவாதத்தைப் படிக்கப் படிக்க எனக்கு ஒன்று தெளிவாகப் பட்டது. இன்ஜினைப் பற்றிக் கோபமாக எழுதிய பலரின் உண்மையான மனக்குறை இன்ஜினைப் பற்றியது இல்லை. "என்னைக் கேட்காமல் மாற்றிவிட்டார்கள், விலையும் குறையவில்லை" என்பதுதான் அது. அதை அப்படியே சொல்லாமல் இன்ஜின் வேதியியலாகச் சொன்னதால், எதிர்ப்பக்கம் வேதியியலை மறுத்துவிட்டு வென்றுவிட்டதாக நினைத்தது. மனக்குறை அங்கேயே இருந்தது.

உண்மையில் அந்த மனக்குறைக்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. 2021 நிதி ஆயோக் அறிக்கையே, ஆற்றல் குறைவை ஈடுகட்ட அதிகக் கலப்புள்ள எரிபொருளின் விலை சாதாரணப் பெட்ரோலைவிடக் குறைவாக இருக்கவேண்டும் என்று பரிந்துரைத்தது. அப்போது எத்தனால் மலிவு. பின்னர் கொள்முதல் விலை ஏறி, சராசரி லிட்டருக்கு 71 ரூபாயைத் தாண்டிவிட்டது, சுத்திகரித்த பெட்ரோலின் விலையைவிட இது அதிகம் என்று 2025 ஆகஸ்ட்டில் அமைச்சகம் விளக்கியது. கலக்காத பெட்ரோலும் கிடைக்கவேண்டும் என்று கேட்ட பொதுநல மனுவை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1 அன்று தள்ளுபடி செய்தது.

நீதிமன்றம் சட்டப்படி முடித்துவைத்தது. "தேர்வு செய்யும் வாய்ப்பு நுகர்வோருக்கு இருக்கவேண்டுமா?" என்பது நியாயம் பற்றிய கேள்வி, அதை மெகாஜூல் தீர்க்காது. அங்கே உங்கள் மதிப்பீட்டை வெளிப்படையாகச் சொல்லுங்கள். என்னுடையது இது: மைலேஜ் இழப்பு உண்மை, ஆனால் பேசப்பட்ட அளவுக்குப் பெரிதில்லை. இறக்குமதியைக் குறைப்பது தேவையான நோக்கம். ஆனால் பழைய வண்டி வைத்திருப்பவர் ஒரு லிட்டருக்குக் குறைவான ஆற்றலைப் பெற்றுக்கொண்டு அதே விலையைக் கொடுப்பது சரியில்லை, அவருக்கு ஏதாவது ஈடு செய்திருக்க வேண்டும். இதில் யாராவது மாறுபட்டால் அவரோடு பேச நான் தயார், ஏனென்றால் எந்த வரியில் மாறுபடுகிறோம் என்று இருவருக்கும் தெரியும்.

எழுதும் விதம்

நீங்கள் யாருக்குப் பதில் சொல்கிறீர்களோ அவர் மனம் மாறுவது அபூர்வம். பேசாமல் படித்துக்கொண்டிருப்பவர்கள் பல மடங்கு அதிகம், அவர்களுக்காக எழுதுங்கள். எதிர்ப்பக்கத்தின் வலுவான வாதத்தை எடுத்துப் பதில் சொல்லுங்கள். பத்துப் பேர் எழுதியதில் எழுத்துப்பிழையோடு உளறிய ஒருவரைத் தேடிப்பிடித்து அடிப்பது சுலபம், அதனால் யாருக்கும் எதுவும் தெரியவருவதில்லை.

குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு மட்டும் தனி விதி. பெரியவர் பகிர்ந்த தகவல் தவறு என்றால் எல்லோர் முன்னாலும் திருத்தாதீர்கள். தனியாக, "சித்தப்பா, நீங்க அனுப்புன அந்த மெசேஜ் பத்தி ஒரு விஷயம், இந்தப் பக்கத்தைப் பாருங்களேன்" என்று அனுப்புங்கள். அவரே குழுவில் திருத்திப் போட்டால் அதற்கு உள்ள மரியாதை உங்கள் திருத்தத்துக்குக் கிடைக்காது.

ஒரு பதிவில் ஒரு விஷயம் போதும். மைலேஜ், தண்ணீர், அரசியல் மூன்றையும் ஒரே மூச்சில் எழுதினால், பதில் சொல்பவர் தனக்கு வசதியானதை எடுத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிடுவார். நீங்கள் எழுதியது தவறு என்று தெரிந்தால் பழைய பதிவை அழிக்காமல், அதன் கீழேயே திருத்தம் போடுங்கள். அழித்தால் அதற்குக் கீழே பதில் எழுதியவர்கள் பைத்தியக்காரர்கள்போல் தெரிவார்கள்.

எப்போது எழுந்து போவது

இதற்கு ஒரு சோதனை வைத்திருக்கிறேன். "என்ன ஆதாரம் காட்டினால் நீங்கள் மனம் மாறுவீர்கள்?" என்று எதிரில் இருப்பவரிடம் கேளுங்கள். அதற்கு முன் உங்களுடையதைச் சொல்லுங்கள். உதாரணமாக: "ஒரே வண்டியை ஒரே பாதையில் இ10, இ20 இரண்டிலும் பல டேங்க் ஓட்டிப் பார்த்து 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் காட்டினால், நான் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன்." அவரும் அப்படி ஒன்றைச் சொன்னால் தொடருங்கள், நல்ல வாதம் கிடைத்திருக்கிறது. "எதைக் காட்டினாலும் மாறமாட்டேன்" என்றால் நன்றி சொல்லிவிட்டு வெளியேறுங்கள். ஒரே வாக்கியத்தை இருவரும் மூன்றாவது முறையாக எழுதிக்கொண்டிருந்தாலும் வெளியேறலாம். கடைசி வார்த்தை அவருடையதாக இருக்கட்டும்.

20-ஐத் தாண்டிப் போகலாமா என்ற அடுத்த சுற்று வாதத்தில் இறங்க நினைத்தால், முன்கூட்டியே மூன்றைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்: உங்கள் வண்டிக் கையேட்டில் எரிபொருள் பற்றிய பக்கத்தின் படம், இப்போதைய மைலேஜைப் பல டேங்க் அளந்து எழுதிய கணக்கு, மேலே போட்ட அந்த மெகாஜூல் வரிகள். இ27 என்றால் 0.73 × 32 + 0.27 × 21 என்று இப்போதே போட்டுப் பார்க்கலாம். 29 வரும்.